பார்வை 6/9, ஆனால் டம்ளரில் விழாத டீ: கண் அழுத்த நோயுள்ள ஒரு டீ மாஸ்டரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்ட ஊர் ஒன்றில் பேருந்து நிலையத்தை ஒட்டிச் சொந்தமாக டீக்கடை வைத்திருப்பவர். வயது 62. நாற்பது ஆண்டுகளாக மாஸ்டர். காலை 4 மணிக்குக் கடை திறந்தால் 11 மணி வரை கை ஓயாது. நாளைக்கு 300 டீக்குக் குறையாது. மனைவி வடை போடுகிறார், கல்லாவையும் பார்த்துக்கொள்கிறார். சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கிறார். அது நாடித்துடிப்பைக் குறைக்கும் வகை அல்ல.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் அவருக்குக் கண் அழுத்த நோய், அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு தேயும் கிளாக்கோமா, இருப்பது தெரியவந்தது. அழுத்தத்தைக் குறைக்க இரவில் லட்டனோபிரோஸ்ட் ஒரு சொட்டு, காலையும் மாலையும் டிமோலால் ஒரு சொட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளும் தவறியதில்லை என்றார். மனைவியும் அதையே சொன்னார்.

இந்த முறை அவர் வந்தது கண்ணுக்காக அல்ல, கைக்காக. எட்டு மாதத்தில் மூன்று தடவை இடது கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். கடைசியாகச் சுட்டது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கொப்புளம் இன்னும் ஆறவில்லை. கடையின் இரண்டு படிகளில் இருமுறை விழுந்திருந்தார். டம்ளர் உடைவது வாரத்துக்கு நாலு என்பது மனைவியின் கணக்கு. இதற்கிடையே கண்ணாடியை இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. இரண்டாவது, கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் வைத்த பைஃபோக்கல். அது வந்த பிறகு படியில் தடுமாற்றம் கூடியது.

"கண்ணு நல்லாத் தெரியுதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க. அப்புறம் கையில இருக்கிற டம்ளரு எப்படித் தெரியாமப் போகும்?" என்று மனைவி கேட்டார். இந்த ஆய்வு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதல் நாள் கண்டவை

கை தவறுவதற்கெல்லாம் கண்ணே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால் முதலில் பிடிமானம், விரல் நுனி உணர்வு, நடுக்கம், நடை, காது எல்லாம் பார்க்கப்பட்டன. எதிலும் குறையில்லை. நாடித்துடிப்பு 72.

எழுத்துப் பலகையில் கண்ணாடியுடன் இரு கண்ணும் 6/9, அதாவது கிட்டத்தட்ட முழுப் பார்வை. புரை ஆரம்ப நிலையில் லேசாக இருந்தது. இவ்வளவு தடுமாற்றத்துக்கு அது காரணமாகாது. கண் அழுத்தம் வலது 24, இடது 26 மி.மீ. பாதரசம், இயல்பைவிட அதிகம். கருவிழித் தடிமன் வலது 505, இடது 498 மைக்ரான். சராசரி ஏறக்குறைய 540. கருவிழி மெலிந்திருந்தால் கருவி உள்ளதைவிடக் குறைத்தே காட்டும், ஆகவே உண்மையான அழுத்தம் இன்னும் கூடுதல் என்றுதான் கொள்ள வேண்டும். கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் திறந்திருந்தது. இரண்டு பார்வை நரம்பிலும் மேல் விளிம்பு தேய்ந்திருந்தது. நரம்பு முகப்பின் அகலத்தில் நடுக்குழியின் பங்கு வலது 0.8, இடது 0.9. தேய்மானம் கூடக் கூட இந்தக் குழி பெரிதாகும்.

நரம்பின் மேல் விளிம்பு தேய்ந்தால் பார்வையில் கீழ்ப்பகுதி போகும். நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புல சோதனையும் அதையே சொன்னது. வலது கண்ணில் மூக்குப் பக்கமாகக் கீழே வில் போன்ற இழப்பு, இயல்பிலிருந்து சராசரி விலகல் −9 டெசிபல் (பூஜ்ஜியத்துக்குக் கீழே போகப் போக இழப்பு அதிகம்). இடது கண்ணில் கீழ்ப்பாதி அனேகமாக முழுதும், −16 டெசிபல்.

பழைய கோப்பிலும் இரண்டு புல சோதனைத் தாள்கள் இருந்தன, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து யாரும் பார்க்கவில்லை. மனிதர் டீ போடுவது இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதான். வலது கண்ணின் மூக்குப் பக்கம் என்பது அவருடைய இடப்பக்கம். இடது கண்ணிலோ கீழே எதுவுமில்லை. ஆக, இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் ஒரு கண்ணின் இழப்பை மற்றக் கண் ஈடுகட்ட வழியில்லை. இரு கண்ணையும் சேர்த்துச் செய்த எஸ்டர்மன் சோதனையில் 120 புள்ளிகளில் 19 தவறின. அவற்றில் 15 கீழ்ப்பாதியில், அதிலும் பெரும்பாலானவை இடப்பக்கம்.

வலப்பக்கக் கீழ்ப்பகுதியை வலது கண் பார்க்கிறது, ஆனால் ஒற்றைக் கண்ணாக. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது. ஆழப் பார்வைச் சோதனையில் 400 வினாடிக் கோணம் வந்தது. 40 முதல் 60 வரை இருப்பதே இயல்பு. வெளிர்ந்த எழுத்தைப் பிரித்தறியும் பெல்லி-ராப்சன் அட்டையில் 1.35. 1.50-க்குக் கீழே போனாலே அன்றாட வேலையில் தடுமாற்றம் தெரியும்.

அவரிடம் "கீழே இருட்டாகத் தெரிகிறதா?" என்று கேட்டபோது, "கருப்பா எதுவும் தெரியலைங்க" என்றார். பொய்யில்லை. இந்த நோயில் இழந்த இடம் கருப்பாகத் தெரியாது. சுற்றியிருப்பதை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அங்கே டம்ளர் இருந்தால் டம்ளர் மறைந்து வெறும் மேசை தெரியும். அதனால்தான் நோயாளி கண்ணைக் குறை சொல்வதில்லை. கையைச் சொல்கிறார், வயதைச் சொல்கிறார்.

கடையில் கண்டது

ஒரு வியாழக்கிழமை காலை 5 மணிக்குப் பார்வை மறுவாழ்வுப் பணியாளர் ஒருவர் கடைக்குப் போய் 40 நிமிடம் நின்று குறித்துக்கொண்டார். மருத்துவமனை அறையில் என்ன கேட்டாலும் கிடைக்காத விவரங்கள் அங்கே கிடைத்தன.

இடது கையில் டம்ளர், இடுப்பு உயரத்தில், உடலுக்குச் சற்று இடப்பக்கம். வலது கை குவளையைத் தோளுக்கு மேல் தூக்கி ஊற்றுகிறது. ஊற்று தொடங்கும்போது பார்வை டம்ளரில்தான் இருக்கிறது. பாதி ஊற்றும்போதே அது விலகிப் பலகையிலுள்ள அடுத்த டம்ளருக்கோ, எதிரே நிற்பவர் முகத்துக்கோ போய்விடுகிறது. தாரை நகர்ந்து விளிம்பில் பட்டு விரலில் வழிவது அந்த நொடியில்தான். அந்த 40 நிமிடத்தில் 11 தடவை சிந்தியது. 9 தடவை பார்வை ஏற்கெனவே விலகியிருந்தது.

இது கவனக்குறைவு அல்ல. தேர்ந்த கையின் இயல்பே அது. 1999-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லேண்ட் குழுவினர் டீ போடுபவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கைக்கு அரை நொடி முன்னால் கண் ஓடுகிறது, கை ஒரு வேலையை முடிக்குமுன்பே கண் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது என்று கண்டார்கள். மிச்ச வேலையைக் கடைக்கண்தான் கவனித்துக்கொள்கிறது, அதிலும் கீழ்ப்பக்கம், ஏனென்றால் கைகள் பெரும்பாலும் பார்வைக்குக் கீழேதான் இயங்குகின்றன. கண்ணிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் பார்வை 20 பாகை விலகினால் பொருள் 18 செ.மீ. தள்ளிப்போகிறது. அடுத்த டம்ளரைப் பார்க்கும்போது கையிலுள்ள டம்ளர் அவருடைய இழந்த பகுதிக்குள் நேராக விழுகிறது. நாற்பது ஆண்டுப் பழக்கம் கண்ணை முன்னே இழுக்கிறது. பின்னே காவல் நின்ற கடைக்கண் இப்போது இல்லை.

படியிலும் இதே கதைதான். நடக்கும்போது யாரும் காலடியைப் பார்ப்பதில்லை. நான்கு மீட்டர் முன்னே பார்ப்பவருக்குக் காலடி பார்வைக்கு 30 பாகைக்கும் கீழே இருக்கும். அவருக்கு அங்கே ஒன்றுமில்லை. போதாததற்கு, பைஃபோக்கலின் கீழ்ப்பாதி மிச்சமிருந்த கீழ்ப்பார்வையையும் மங்கலாக்கியது.

பலகை பளபளக்கும் எவர்சில்வர். டியூப்லைட் அவர் தலைக்குப் பின்னால் எரிந்தது. கண்ணாடி டம்ளர், அதில் வெள்ளைப் பால், கீழே வெள்ளி மினுக்கு. நல்ல கண்ணுக்கே விளிம்பு சட்டென்று பிடிபடாது. பால் கேன், விறகு, காலி சிலிண்டர் மூன்றும் அவருக்கு இடப்பக்கத் தரையில் இருந்தன.

முதல் முடிவும் அதிலுள்ள தவறும்

அழுத்தம் 24, 26 என்றதும் மூன்றாவதாக பிரிமோனிடின் சேர்க்கப்பட்டது, நாளைக்கு இருமுறை. இரண்டு மருந்து போதவில்லை, மூன்றாவது சேர் என்பது வழக்கமான கணக்கு. ஆறு வாரம் கழித்து அழுத்தம் 22, 25. வாய் வறண்டது. பகலில் தூக்கம் சொக்கியது. கொதிக்கும் பால் முன்னே நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்போதுதான் மனைவி மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டினார். லட்டனோபிரோஸ்ட் பாட்டில் 16, 17 நாளில் தீர்ந்துவிடுகிறதாம், மாதம் இரண்டு வாங்க வேண்டியிருக்கிறதாம். 2.5 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவு ஒவ்வொரு சொட்டு என்றால் ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டும். 16 நாளில் தீர்ந்தால் இரவுக்கு ஐந்து சொட்டு போகிறது என்று பொருள். எங்கே போகிறது?

அங்கேயே ஒரு பாட்டிலைக் கொடுத்துப் போட்டுக்காட்டச் சொன்னதும் விடை கிடைத்தது. முதல் சொட்டு கன்னத்தில். இரண்டாவது மூக்குத் தண்டில். மூன்றாவது கண்ணுக்குள் போனது, ஆனால் பாட்டில் முனை இமை முடியைத் தொட்டுவிட்டது. டம்ளரைத் தவறவிட்ட அதே கை, அதே காரணத்தால் கண்ணையும் தவறவிட்டது. தலையைச் சாய்த்து மேலே பார்க்கும்போது கை கீழிருந்துதான் வருகிறது. பாட்டில் கண்ணுக்கு நேரே வரும்வரை அவருக்குத் தெரிவதில்லை. வந்த பிறகும், கண்ணாடி இல்லாமல் அவ்வளவு பக்கத்தில் அது மங்கல்தான். நான்கு ஆண்டாக ஒரு நாளும் தவறாமல் மருந்து போட்டவருக்கு, மருந்து பாதி நாள் கண்ணுக்குள் போகவே இல்லை.

சொட்டு மருந்தைச் சரிசெய்தது

பிரிமோனிடின் நிறுத்தப்பட்டது. முறையே மாற்றப்பட்டது. கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும். மனைவி கை கழுவிக்கொண்டு, கீழ் இமையை மெல்ல இழுத்து உண்டாகும் குழியில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ள வேண்டும், முனை 2 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கண்ணை மூடி, மருந்து மூக்கு வழியாக உடம்புக்குள் இறங்காதபடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. கண் ஒரு சொட்டைத்தான் தாங்கும், இரண்டாவது வழிந்து வீணாகும்.

மனைவி ஊரில் இல்லாத நாளுக்கு வேறு வழி கற்றுக்கொடுக்கப்பட்டது: படுத்துக் கண்ணை மூடி, மூக்கோர மூலையில் சொட்டை விட்டு, அதன் பிறகு கண்ணைத் திறந்து இமைத்தால் மருந்து உள்ளே இறங்கிவிடும். குறி பார்க்கவே வேண்டியதில்லை.

நான்கு வாரத்தில், இரண்டே மருந்தில், அழுத்தம் 17, 19. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. உட்கார்ந்து எழும்போது கிறுகிறுப்பு, நாடித்துடிப்பு 54. டிமோலால் இப்போதுதான் நிஜமாக உள்ளே போகிறது, அதனால் அதன் பக்கவிளைவும் இப்போதுதான் தலைகாட்டியது. மூக்கோரத்தை அழுத்துவதையும் அவசரத்தில் விட்டுவிட்டிருந்தார்கள். முறையைச் சரிசெய்வதோடு நாடியையும் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். டிமோலாலுக்குப் பதில் டார்சோலமைட் தரப்பட்டது (சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொண்டு). கிறுகிறுப்பு நின்றது. அழுத்தம் 16, 19.

வலது கண்ணுக்கு அது போதும், தொடர்ந்து பார்க்கலாம் என்று முடிவானது. இடது கண்ணில் இழப்பு முற்றியிருந்தது, கருவிழியும் மெலிந்தது, 19 போதாது. ஐந்தாவது மாதம், கண்ணுக்குள்ளிருக்கும் நீர் வடியப் புது வழி திறக்கும் டிராபெகுலெக்டமி அறுவை செய்யப்பட்டது. ஒரு மாதம் கடைக்குப் போகவில்லை: ஆவி, புகை, குனிந்து தூக்குவது எதுவும் ஆகாது. அறுவை செய்த கண்ணில் சிவப்பு, வலி, பீளை எப்போது வந்தாலும், ஐந்து வருடம் கழித்து வந்தாலும், அன்றைக்கே வர வேண்டும் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது.

கடையை மாற்றியது

அழுத்தத்தைக் குறைத்தால் இருப்பது நிற்கும். போன பார்வை திரும்பாது. ஆகவே கடையும் பழக்கமும்தான் மாற வேண்டும்.

முதல் விதி ஒன்றே ஒன்று: கை முடிக்கும்வரை கண் நகராது. சொல்ல எளிது, நாற்பது ஆண்டுப் பழக்கத்துக்கு எதிரானது. பத்து நாள் வீட்டில் பச்சைத் தண்ணீரில் பயிற்சி. 20 டம்ளர், கீழே உலர்ந்த துணி. எந்த டம்ளர் அடியில் ஈரம் என்று மனைவி எண்ணுவார். முதல் நாள் 9 சிந்தின, 20 டம்ளருக்கு 6 நிமிடம். பத்தாம் நாள் 3, நாலரை நிமிடம்.

டம்ளரைக் கையில் பிடிப்பது நின்றது. டம்ளர் பலகையில் நிற்கும், அவருக்கு வலப்பக்கமாக. ஊற்றுமுன் குவளையின் மூக்கு டம்ளர் விளிம்பை ஒருமுறை தொட வேண்டும். "டக்" என்ற சத்தம் கேட்ட பிறகே சாய்க்க வேண்டும். கண் விட்டதைக் காதும் விரலும் பிடித்துக்கொள்ளும். பலகை மேல் அடர்பச்சை ரப்பர் விரிப்பு போடப்பட்டது. விளக்கு பின்னாலிருந்து முன் மேலே வந்தது. இந்த இரண்டுக்கும் செலவு சொற்பம், பலன் முதல் நாளே தெரிந்தது.

ஆற்றுவதில்தான் அவர் பிடிவாதம் பிடித்தார். "ஆத்தாத டீ ஒரு டீயாங்க?" என்றார். அது நியாயமான பேச்சு. அவருடைய வாடிக்கையாளர்கள் அந்த நுரைக்காகத்தான் வருகிறார்கள். அதை நிறுத்தச் சொல்லியிருந்தால் மற்ற எதையும் கேட்டிருக்க மாட்டார். கடைசியில் டம்ளருக்குப் பதில் 12 செ.மீ. வாயகன்ற இரண்டு கைப்பிடிக் குவளைகளுக்குள் ஆற்றுவது, உயரம் ஒன்றரை முழத்திலிருந்து ஒரு சாணாகக் குறைப்பது, உடலைச் சற்று இடப்பக்கம் திருப்பி நின்று இரண்டு குவளையும் தன் நடுக்கோட்டுக்கு வலப்புறம் இருக்கும்படி ஆற்றுவது என்று ஒத்துக்கொண்டார். நுரை கொஞ்சம் குறைந்தது.

கண்ணாடியும் மாறியது. பைஃபோக்கலை எடுத்துவிட்டு, நடக்க ஒன்று, பலகை முன் நிற்க 50 செ.மீ. தூரத்துக்கு ஒன்று. சட்டகத்தின் நிறம் வேறுவேறு, மாற்றிப் போட்டுக்கொண்டு படி இறங்கக் கூடாதே என்று.

படி, தரை, வண்டி

கடைப்படியிலும் வீட்டு வாசற்படியிலும் ஒவ்வொரு விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட். 90 செ.மீ. உயரத்தில் குழாய்க் கைப்பிடி. கேன், விறகு, சிலிண்டர் எல்லாம் பின்சுவரோரம் போயின. இடப்பக்கத் தரையில் முழங்காலுக்குக் கீழே எதுவும் வைக்கக் கூடாது என்பதை மனைவி சட்டமாக்கிவிட்டார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும்போது பத்து எண்ணிவிட்டு அடியெடுக்க வேண்டும். இந்த நோயில் கண் இருட்டுக்குப் பழக அதிக நேரம் எடுக்கும்.

டிவிஎஸ் 50-இல் விடியுமுன் கடைக்குப் போவார். வேகத்தடை, குழி, இடப்பக்கமிருந்து வரும் நாய் மூன்றும் அவருக்குத் தெரியாத இடத்திலேயே இருக்கின்றன. புலத் தாளை மேசையில் விரித்து, கீழ் இடது மூலையில் அவர் விரலையே வைத்துக் காட்டிய பிறகுதான் வண்டியை விட்டார். இப்போது மகன் கொண்டுவிடுகிறார்.

உடன்பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அண்ணனும் அக்காவும் வரவழைக்கப்பட்டார்கள். அக்காவுக்கு நோய் இருந்தது, ஆரம்ப நிலையில். மகனுக்கு இல்லை, ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் மாதம்

அழுத்தம் வலது 15, இடது 11. புல சோதனையில் மேற்கொண்டு இழப்பு இல்லை. கடைக்குத் திரும்பியதிலிருந்து ஒரு சூடுபட்டது, சிறியது. பேருந்துக் கூட்டத்தில் அவசரத்தில் டம்ளரைக் கையில் எடுத்த நாளில். ஒருமுறை விழுந்தார், கடையில் அல்ல, பெயின்ட் அடிக்காத உறவினர் வீட்டு வாசலில். டம்ளர் மாதத்துக்கு இரண்டு உடைகிறது. டீ நாளைக்கு 220 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த வருமான இழப்பை ஈடுகட்ட வழியொன்றும் தெரியவில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

மூன்றாவது மருந்தை எழுதுமுன் முதலிரண்டும் கண்ணுக்குள் போகின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். அதற்கு மூன்று நிமிடம் போதும். அதைப் பாராமல் ஆறு வாரம் வீணானது. இப்போது அழுத்தம் கட்டுப்படாத ஒவ்வொருவரையும் எதிரிலேயே போட்டுக்காட்டச் சொல்கிறோம், பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்றும் கேட்கிறோம்.

இரு கண் புலத் தாளையும் முதல் நாளே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தது சரி. ஆனால் கடைக்குப் போனது ஏழாவது வாரம். இரண்டாவது வாரமே போயிருந்தால் மூன்றாவது கொப்புளம் ஆறிய கையோடு பயிற்சி தொடங்கியிருக்கும். வண்டியைப் பற்றிய பேச்சும் அதுவரை தள்ளிப்போனது. இதில் மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை: அந்த ஏழு வாரமும் அவர் இருட்டில் வண்டி ஓட்டினார்.

பைஃபோக்கல் எழுதிக் கொடுக்கும் இடத்தில் புலத் தாள் இருப்பதில்லை. கீழ்ப்புல இழப்பு உள்ளவர்களின் கண்ணாடிச் சீட்டில் "நடக்கத் தனிக் கண்ணாடி" என்று இப்போது சிவப்பு மையில் எழுதுகிறோம். புறநோயாளிச் சீட்டில் நான்கு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன: ஊற்றும்போது சிந்துகிறதா, கை சுட்டதா, படியில் தடுக்குகிறதா, எந்தப் பக்கம் இடித்துக்கொள்கிறீர்கள். பதிலை வீட்டிலிருப்பவரிடமும் கேட்க வேண்டும், நோயாளிக்கு அது தெரியாமலே போகலாம்.

அவருக்கு அடுத்த புல சோதனை நான்கு மாதம் கழித்து. காலி பாட்டில்களை எறியாமல், திறந்த தேதியை மேலே எழுதி, கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.